செங்கோட்டுவேலுக்கு வந்த ஒரம்பரை

ஆற்றை ஒட்டி, தறிச்சத்தம் ஓயாத ஊர் ஒன்று இருந்தது. அந்த ஊருக்குள்ளே, ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரில் வருகிறவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டிய அளவுக்கு ஒடுக்கமாய், குடலைப் போல வளைந்து வளைந்து கிடந்த சந்து ஒன்று இருந்தது. அந்தச் சந்தில் புழங்குகிற கைகளுக்கு ஒரு குணம் உண்டு. அறுந்த நூலைக் கண்டால் சும்மா இருக்காது. விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும், நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்து தொங்கும், கண் அதைக் காண்பதற்குள் விரல் போய் முனையைப் பிடித்து, எச்சில் தொட்டு முறுக்கி, முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கும். கைக்குச் சொந்தக்காரிக்கே அப்புறம்தான் தெரியும். பேசிக்கொண்டே போடுவார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போடுவார்கள், தூக்கத்தில் பாயின் கிழிந்த கோரையைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டு விடிந்ததும் பார்த்துச் சிரிப்பார்கள். யாருடைய நூல், எந்தத் தறி, சேர்க்கலாமா கூடாதா என்று அந்தக் கைகள் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட சந்தில்தான் ஒருநாள் காலை, குளித்துவிட்டுத் துண்டோடு வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்த செங்கோட்டுவேலின் தொப்புளிலிருந்து ஒரு நூல்முனை எட்டிப் பார்த்தது. வெள்ளை நூல், நல்ல முறுக்கு, விரற்கடை நீளம்.

முதலில் பார்த்தது அவன் பெண்டாட்டி கோகிலவாணி. பார்த்தாள், ஆனால் சொல்லவில்லை. எதையும் முதல் ஆளாய்ச் சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்தச் சந்தில் அவளுடைய கொலுசுச் சத்தத்தைக் கேட்டவர்கள் உண்டு, குரலைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இடுப்பில் பால்குடி மறக்காத பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு, அந்த நூலையே பார்த்தபடி நின்றாள். நூலுக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம்தான் டவுன் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் கட்டி, அவரைக்கொட்டை அளவு, மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுத்து எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாவதாய்ப் பார்த்தது எதிர்வீட்டுப் பாவாயி. பாவாயி செங்கோட்டுவேலின் அக்கா, கோகிலாவுக்கு நங்கை முறை. தாயில்லாத தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நூல் சுற்றி, அவன் அழுதால் ராட்டையை நிறுத்தாமலே தாலாட்டு பாடி வளர்த்தவள். அவள் கை சும்மா இருக்குமா? "அட சாமி, நூலு அந்துக்கிட்டு நிக்குதே" என்று சொல்லி முடிப்பதற்குள், தன் முந்தானையிலிருந்து ஓர் இழையை உருவி அந்த முனையோடு சேர்த்து முறுக்கி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டாள். மறுமுனையைக் கொண்டுபோய்த் தன் வீட்டுச் சன்னல் கம்பியில் கட்டினாள்.

செங்கோட்டுவேல் மூச்சை இழுத்து விட்டான். "அக்கா, வகுத்துவலி நின்னுபோச்சு."

இந்த ஒரு சொல் போதாதா? பொழுது சாய்வதற்குள் சந்தே வந்து நின்றது. ஒவ்வொருத்தியும் தன் சேலையிலிருந்து ஓர் இழை, ஒவ்வொருத்தனும் தன் வேட்டியிலிருந்து ஓர் இழை, ஒரு முடிச்சு, பின் அவரவர் வீட்டுச் சன்னல் கம்பி. கோகிலாவும் போட்டாள். மற்றவர்கள் போனபிறகு, யாரும் பார்க்காதபோது, கல்யாணச் சேலையின் சரிகைக்கு அடியில் இருந்த பட்டிழையை உருவி, கண்ணை மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு போட்டாள். எல்லாவற்றிலும் இறுக்கமான முடிச்சு அதுதான்.

கடைசியாய் வந்தது பங்காளி அர்த்தநாரி. பொதுச் சுவர் தகராறில் செங்கோட்டுவேலோடு பேச்சுவார்த்தை இல்லாதவன். வெற்றிலையை ஓரமாய் ஒதுக்கிக்கொண்டு, "நாளைக்கு நான் எழவுக்கு நின்னாலும் நிக்காட்டியும், முடிச்சுப் போடலீன்னு ஒரு பேச்சு எனக்கெதுக்கு" என்று, தொளதொளவென்று ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுப் போனான்.

"பாரு, போட்டிருக்கறான் பாரு, கன்னுக்குட்டி கட்டுனா அவுத்துக்கிட்டு ஓடீரும்" என்றாள் பக்கத்துவீட்டு மாரக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சந்தில் அந்த நோயின் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சொன்னவர் வீட்டுக்கும் வழி தெரிந்துவிடும் என்று பயம். அதனால் அதற்கு ஒரம்பரை என்று பேர் வைத்தார்கள். வந்திருக்கிற விருந்தாளி, உறவுக்காரர். பேர் வைத்தபிறகு மரியாதை தானாய் வந்து ஒட்டிக்கொண்டது.

"ஏனக்கா, ஒரம்பரை எந்திரிச்சாச்சா? காப்பித்தண்ணி குடிச்சாரா?"

"குடிக்காம? ஒன்ன மாதிரி வெறுந்தண்ணியில சக்கரயக் காட்டிட்டு எடுத்துக்கறவளா நானு?"

"எப்பக் கெளம்பறாராமா?"

"வந்த ஒடனே தொரத்துவியா நீ? பத்து நாளு இருந்து, திருப்தியாத் தின்னுட்டுத் தானாப் போவாரு."

இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நூல்கள் சன்னலுக்குச் சன்னல் கழுத்து உயரத்தில் சந்து முழுக்க ஓடின. பால்காரர் குனிந்து வரப் பழகிக்கொண்டார். பெண்கள் குழந்தைத் துணிகளை அதில் காயப்போட்டார்கள், கம்பிக்கொடியைவிடச் சீக்கிரம் காய்கிறது என்றார்கள். மாரியம்மன் சப்பரம் வந்தபோது, கரண்டுக் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற கவைக்குச்சியாலேயே நூல்களையும் தூக்கிப் பிடித்து அம்மனை அடியில் நுழைய விட்டார்கள். பூசாரி மேலே பார்த்து, யார் வீட்டு நூல் என்று மட்டும் கேட்டுவிட்டு மணியை ஆட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் ஒவ்வொரு வீட்டிலும் நூல்கண்டை விட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பஸ்ஸின் பின்கதவு வழியாக நூல்கட்டு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். நடத்துனர் அதைத் தாண்டிப் போய்ச் சில்லறை கொடுப்பார். ஒருமுறை கைப்பிடி போல அதைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளிடம், "அண்ணே, அது பேசண்டோட நூலு, கம்பியப் புடிங்க" என்றார். அதற்கு மேல் யாருக்கும் அதைப்பற்றிப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

நூல் வழியாய் என்ன போனது என்றால், அவரவரிடம் இருந்தது போனது. பாவாயி உண்ட சோறு அவள் வயிற்றில் நிற்காமல் தம்பிக்குப் போனது. அவள் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது, அவன் பசியில்லாமல் கிடந்தான். மாரக்காவின் தூக்கம் போனது. அவள் ராட்டையருகே கொட்டக்கொட்ட விழித்திருக்க, அவன் குறட்டை விட்டான். கோகிலாவுக்குப் பால் வற்றியது. பிள்ளை மார்பில் முட்டி முட்டி அழுதுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீருக்குப் பழகியது. ஆனால் செங்கோட்டுவேலின் முகம் தெளிந்திருந்தது, வலி இல்லை. அதைப் பார்த்தவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? தெளிந்த முகத்துக்குக் கீழே, வயிற்றின் இடது பக்கம், அவரைக்கொட்டை எலுமிச்சையாகி, எலுமிச்சை மாதுளையாகி, சட்டைக்கு மேல் மேடு தெரிந்தது.

எறும்பு வந்தது அந்தச் சமயத்தில்தான். செவ்வெறும்பு. சாக்கடை ஓரத்துச் சுவர் வெடிப்பிலிருந்து ஒரே வரிசையாய்ப் புறப்பட்டு, வாசல்படி ஏறி, கட்டில்கால் ஏறி, நேராய்ச் செங்கோட்டுவேலின் தொப்புளை நோக்கிப் போனது. முன்னால் போகிற எறும்பு நின்று பின்னால் வருகிறதின் மீசையைத் தன் மீசையால் தொட்டு ஏதோ சேதி சொல்லும், அது அதன் பின்னால் வருவதற்குச் சொல்லும், வரிசை வேகமெடுக்கும். மேட்டின்மேல் ஏறிக் கடித்தன. கடித்த இடம் சிவந்து சுட்டது. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் அடித்தது, அனத்தினான், வேர்வையில் பாய் நனைந்தது. கோகிலா ஈரத்துணியால் துடைக்கும்போது கவனித்தாள்: கடிபட்ட பக்கத்து மேடு ஒரு நெல்லளவு உள்வாங்கியிருந்தது.

அவள் வாய் திறப்பதற்குள் பாவாயி ஓடிவந்துவிட்டாள். "ஐயோ, எறும்புக்குத் தின்னக் குடுத்துட்டு நிக்கறயே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா" என்று கட்டில்கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் தூக்கி வைத்தாள், சுற்றி மஞ்சள்தூளைக் கொட்டினாள். எறும்புகள் விடவில்லை, சுவரேறி நூல்வழியே வந்தன. ஆனால் பாவாயியின் முடிச்சுக்கு வந்ததும் நின்றன. முடிச்சை மீசையால் தொட்டுப் பார்த்தன. முடிச்சு அவற்றிடம் என்ன சொன்னதோ, முன்னால் நின்றது திரும்பிப் பின்னால் இருந்ததைத் தொட்டது, அது அதன் பின்னால் இருந்ததைத் தொட்டது, வரிசை முழுவதும் தலை குனிந்துகொண்டு வந்த வழியே போனது. சில நாளில் அதே எறும்புகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை கடிக்க வரவில்லை. ஒவ்வொன்றும் வாயில் ஒரு சர்க்கரைத் துணுக்கு, ஒரு நொய்யரிசி கவ்விக்கொண்டு, முடிச்சைத் தாண்டி, தொப்புளுக்குள் இறக்கி வைத்துவிட்டுப் போயின.

"பாத்தியா" என்றாள் மாரக்கா. "எறும்புக்குக்கூடத் தெரிஞ்சிருச்சு, வந்திருக்கறது நம்ம ஒரம்பரைன்னு."

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மருந்து உள்ளே போகவே இல்லை என்றாள். செங்கோட்டுவேல் படுக்கையில் கண்ணயர்ந்திருக்க, கோகிலா சுவரோரம் நின்றாள்.

"கிட்ட வாம்மா. கட்டி ஒண்ணும் தனியா வளர்றது இல்ல. உடம்புல இணைப்புத் திசுன்னு ஒண்ணு இருக்கு. எங்கயாவது காயம் பட்டா ஓடி வந்து, நார் நாராப் பின்னி, மூடி ஆத்துறது அதுதான். நல்லதுதான் அது, கெட்ட புத்தி கிடையாது. ஆனா கட்டியைப் பாத்துட்டு ஆறாத காயம்னு நினைச்சுக்குது. ஆத்தணும், ஆத்தணும்னு பின்னிக்கிட்டே இருக்கு, தீனி குடுத்துக்கிட்டே இருக்கு. சுத்தியும் சுவரு எழும்பிடுது. மருந்து எப்படிப் போகும்?"

கோகிலா அவன் தொப்புளிலிருந்து ஓடுகிற நூல்கட்டைப் பார்த்தாள்.

"அதோட போச்சுன்னா பரவால்ல. உடம்புல காவல் இருக்கு. கட்டியைக் கண்டா கடிச்சுத் தின்ன வரும். வா, நில்லு, அடின்னு அதுங்களுக்குள்ள சேதி போகும். இந்தத் திசு அந்தச் சேதியையே மாத்தி விட்டுடுது. இங்க ஒண்ணும் இல்ல, நம்ம ஆளுதான், போன்னு. போனாக்கூடப் பரவால்ல, சிலது கட்டிக்கே வேலைக்காரனா மாறிடுது."

"எறும்பாட்டங்களா?" என்றாள் கோகிலா. அந்த ஆஸ்பத்திரிச் சுவர் கேட்ட அவளுடைய முதல் சொல் அதுதான்.

டாக்டரம்மா நூல்கட்டின்மேல் ஊர்ந்துபோன எறும்பைப் பார்த்தாள். "அதே மாதிரின்னு வெச்சுக்கோ."

"அப்ப எல்லா முடிச்சையும் அறுத்துப் போட்டுரலாமுங்களா?"

"அவசரப்படாத. எலிக்குக் கட்டி வரவெச்சு அப்படி மொத்தமா எடுத்துப் பாத்தவங்க இருக்காங்க. அவுத்துவிட்ட மாடு மாதிரி கட்டி ஓட ஆரம்பிச்சுடுச்சு. ஏன்னா அதுலயே சிலது தீனி போடுறது, சிலது கட்டியை ஓடாம புடிச்சு நிறுத்துறது. எது எதுன்னு தெரிஞ்சுதான் கை வைக்கணும். அது எங்களுக்கே இன்னும் சரியாப் பிடிபடல."

வீடு திரும்பியதிலிருந்து கோகிலா எறும்பின் பின்னாலேயே கண்ணை ஓட்டினாள். ஒவ்வொரு முடிச்சாய்ப் பார்த்தாள். பாவாயியின் முடிச்சில் எறும்பு தலை குனிந்தது. மாரக்காவின் முடிச்சில் எறும்பு சர்க்கரை தூக்கியது. அழுதுகொண்டே போட்ட முடிச்சு, வேண்டிக்கொண்டே போட்ட முடிச்சு, உயிரையே கொடுப்பேன் என்று போட்ட முடிச்சு எல்லாவற்றிலும் அப்படியே. அர்த்தநாரி பேருக்குப் போட்ட தொளதொள முடிச்சுக்கு வந்தபோது மட்டும் எறும்புகள் திரும்பவில்லை, குனியவில்லை. மீசையை நிமிர்த்திக்கொண்டு காவலாய் உட்கார்ந்திருந்தன. அந்த நூல் போன பக்கத்தில் மேடு ஒரு சுற்றும் பெருக்கவில்லை. கயிற்றில் கட்டிய மாடு போல அந்த எல்லைக்குள்ளேயே நின்றது. பிரியமில்லாமல் போட்ட கட்டு பிடித்து நிறுத்தியது. பிரியத்தோடு போட்ட கட்டுகள் தீனி போட்டன. இதை யாரிடம் போய்ச் சொல்லுவது?

கடைசியாய்த் தன் முடிச்சைப் பார்த்தாள். பட்டிழை முடிச்சு. அதன்மேல் எறும்பு மொய்த்துக் கருஞ்சிவப்பாய்ப் புடைத்திருந்தது, எல்லாம் வாயில் சர்க்கரையோடு. உள்ளே போன தீனியில் பாதி அவள் நூல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பாவாயி வீட்டில் பெண்கள் கூடி நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது கோகிலா போய் நின்றாள். சொன்னாள். பாதிச் சொல் ராட்டைச் சத்தத்தில் போயிற்று. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

ராட்டைகள் நின்றன.

"இந்தா, நம்ம அர்த்தநாரி போட்டதுதான் உசுருக் கயிறாமா" என்றாள் மாரக்கா. "கேளுங்கடி கூத்த. அவனக் கூப்புட்டு மால போடுங்க."

"அஞ்சாவது படிச்சவ, டாக்டரம்மாகிட்ட நின்னுட்டு வந்து நமக்குப் பாடம் எடுக்கறா" என்றாள் இன்னொருத்தி.

பாவாயி எழுந்து வந்தாள். கோகிலாவின் முகத்துக்கு நேரே நின்றாள். "அவன் பொறந்து அம்மா போனப்ப, தொப்புளு காயற வரைக்கும் எண்ணெ தொட்டு வெச்சவ நானு. அந்தத் தொப்புள்ள நான் போட்ட முடிச்ச நீ அவுக்கச் சொல்ற. அவுத்துட்டு என்னடி பண்ணப்போற? தாலி ஒனக்குக் கனமா இருக்குதா?"

கோகிலா திரும்பி வந்தாள். வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, எறும்புகளை ஊதிவிட்டு, பட்டிழை முடிச்சை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. பல்லால் கடித்தாள். ரத்தம் போல ஓர் உப்பு நாக்கில் பட்டது. முடிச்சு அவிழ்ந்தது.

செங்கோட்டுவேல் வில்லாய் வளைந்து கத்தினான். "என்னடி பண்ணுன? ஐயோ, என்னடி பண்ணுன? கட்டுடி!"

"மாமா, சித்தெ பொறுத்துக்கங்க. உள்ள போவட்டும்."

"கட்டுடி பாவி! நாஞ் செத்தாத்தான் ஒனக்கு நிம்மதியா?"

அவள் நூல்முனையை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். சுவர் வெடிப்பிலிருந்து புது எறும்புகள் வந்தன, சர்க்கரை இல்லாத வாயோடு. பட்டிழை இருந்த வழியில் தடுக்க யாரும் இல்லை. நேராய் ஏறி, கூட்டமாய் இறங்கின. அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அவன் அவளைத் திட்டினான், அவளைப் பெற்றவர்களைத் திட்டினான், பெண் பார்க்க வந்த நாளைத் திட்டினான். விடிந்தபோது இடது பக்க மேட்டின் ஓர் ஓரம் சரிந்திருந்தது, மழையில் கரைந்த மண்சுவர் போல.

சத்தம் கேட்டு வந்த ஒவ்வொருத்தியின் கையும் அந்த அறுந்த முனையை நோக்கி நீண்டது. வேண்டுமென்று இல்லை. பேசிக்கொண்டே நீண்டது, அழுதுகொண்டே நீண்டது. கோகிலா அத்தனை கைகளையும் தட்டிவிட்டாள். குரல் எழாதவள் கையால் தட்டினாள். சந்தில் அவளை அடங்காப்பிடாரி என்றார்கள். பிள்ளையை மாரக்கா தூக்கிக்கொண்டு போனாள். அவள் முனையை விடவில்லை.

மறுநாள் பாவாயி வந்தாள். திட்டுவாள் என்று கோகிலா தோளைக் குறுக்கிக்கொண்டாள். பாவாயி தம்பியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். சரிந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினாள். இத்தனை நாள் வளர்ந்ததை மட்டுமே தடவிப் பார்த்த கை அது.

"கொறஞ்சிருக்குதா கண்ணு?"

"கொறஞ்சிருக்குதுங்க நங்கை."

"நான்தான் தீனி போட்டுட்டு இருந்தனா?"

கோகிலா பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் பதில் சொல்லாமல் இருப்பதில் அவளைவிடக் கெட்டிக்காரி இல்லை. ஆனால் அன்றைக்கு அது பாவாயிக்குப் போதுமான பதிலாய் இருந்தது.

பாவாயி குனிந்து, தம்பியின் தொப்புளில் வாய் வைத்து, தன் முடிச்சைப் பல்லால் பிரித்தாள். செங்கோட்டுவேல் போட்ட சத்தத்தில் சந்தின் அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பாவாயி முனையைக் கோகிலாவின் மடியில் போட்டுவிட்டு, ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"என் ரண்டு கையையுஞ் சேத்துக் கட்டு. நல்லா இறுக்கு. என் கைய நான் நம்ப மாட்டேன்."

கோகிலா கட்டினாள். கட்டுப்பட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு பாவாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கட்டிலின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் அவன். எறும்புகள் இரண்டு வழியிலும் உள்ளே போயின. மேடு இறங்கிக்கொண்டே வந்தது. மாதுளை எலுமிச்சையாவது கண்ணுக்கே தெரிந்தது. "மூஞ்சியில ஒரு களை வந்திருக்குது பாரு" என்றாள் பாவாயி. அது வலியில் கோணிய முகம். என்றாலும் கோகிலாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அவன் பிழைத்துவிடுவான் என்று அவள் முதல்முதலாய் நினைத்தது அப்போதுதான்.

ஆனால் வலி வலிதான். கத்திக் கத்தித் தொண்டை போய், அவன் திட்டுவதை விட்டுக் கெஞ்ச ஆரம்பித்தான். திட்டைத் தாங்கியவளுக்கு அது தாங்கவில்லை.

"கோகி. ஒரு முடிச்சுப் புள்ள. ஒண்ணே ஒண்ணு. சித்தெ கண்ணு மூடிக்கறேன். எந்திரிச்சதும் நீயே அவுத்துரு."

"வேண்டாங்க மாமா."

"நாம கல்யாணம் முடிஞ்சு ஆத்துல பரிசல்ல போனமே, அப்ப நீ பயந்துட்டு எங் கையப் புடிச்சியே. அந்த மாதிரி ஒருக்காப் புடி."

அவள் அவன் கையைப் பிடித்தாள். மற்றக் கையில் இரண்டு நூல்முனைகள். நண்பகல் வெயில் ஓட்டு இடுக்கு வழியாய்க் கோடு கோடாய் விழுந்தது. போயிருந்த கரண்டு வந்து, சந்தின் தறிகள் எல்லாம் ஒன்றாய் ஓட ஆரம்பித்தன. டக்கட டக்கட என்ற அந்தச் சத்தம் அவள் ஒரு தறிவீட்டில் தாய் வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்ட சத்தம், அவள் பிள்ளையும் வயிற்றுக்குள் கேட்ட சத்தம், எந்த அழுகையையும் தூக்கமாக்கிவிடுகிற சத்தம். அவன் முனகல் அந்தத் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. கோகிலாவின் இமை ஒருமுறை விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது.

அவள் கண் திறந்தபோது வீடு அமைதியாய் இருந்தது. செங்கோட்டுவேல் சிரித்த முகமாய்த் தூங்கிக்கொண்டிருந்தான், சின்னக் குறட்டை. அவள் மடியில் நூல்முனைகள் இல்லை. இரண்டும் தொப்புளருகில், ஒன்றோடொன்று பின்னி, பாவு பிணைக்கிற தேர்ந்த கை போடுகிற மாதிரி, அழகான ஒற்றை முடிச்சாய்க் கிடந்தன. எறும்புகள் தலை குனிந்து வெளியே போய்க்கொண்டிருந்தன.

"நங்கை" என்று கத்தினாள். "ஏனுங்க நங்கை இப்படிப் பண்ணுனீங்க?"

சுவரோரம் தூங்கிப்போயிருந்த பாவாயி திடுக்கிட்டு விழித்து, முடிச்சைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். துண்டு அப்படியே இருந்தது. கோகிலா கட்டிய கட்டு, ஓர் இழை நெகிழவில்லை.

கோகிலா தன் விரல்களைப் பார்த்தாள். பெருவிரலும் சுட்டுவிரலும் எச்சிலில் ஈரமாய் இருந்தன.

அவிழ்க்கப் பார்த்தார்கள், பார்க்காமல் இல்லை. நகம் உடைந்தது, பல் ஆடியது. அந்த முடிச்சு நூலாய் இருக்கவில்லை, கொப்பூழ்ச் சதையோடு சதையாய், எலும்பு போல ஆகியிருந்தது. கத்தியை எடுத்தபோது அவனே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வுடு புள்ள. எனக்குச் சொகமா இருக்குது." அதற்குமேல் எறும்பு கடிக்க வரவில்லை. சர்க்கரை தூக்கிக்கொண்டு வந்தது, போனது, வந்தது. மேடு இறங்கின பக்கமும் ஏறியது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள், இந்தத் தடவை பார்த்த மாத்திரத்தில் உறைக்குள் போட்டுக் கொடுத்தாள்.

செங்கோட்டுவேல் வலி இல்லாமல் செத்தான். முகம் தெளிவாய் இருந்தது. எழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். "எப்படிக் கட்டிக் காப்பாத்துனாங்க பாரு. பொண்டாட்டியும் அக்காளும் போட்ட முடிச்சு, சுடுகாடு வரைக்கும் அவுரலையே." நூல்களைச் சன்னலோரத்தில் அறுத்துவிட்டுப் பாடையைத் தூக்கினார்கள். அப்போது அர்த்தநாரியின் முடிச்சு தானாகவே கழன்று விழுந்தது. அதைப் பார்த்து ஒருத்தி காறித் துப்பினாள். அர்த்தநாரி பொதுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு அழுதான். நடிக்கிறான் என்றார்கள்.

அறுந்து தொங்கிய நூல்களைக் கண்டு கைகள் சும்மா இருக்கவில்லை. கருமாதி முடிவதற்குள் சன்னலுக்குச் சன்னல் அவற்றை முடிச்சுப் போட்டுச் சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கும் அதில்தான் துணி காய்கிறது.

கோகிலா பிள்ளையை மாரக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மறுபடி தறிக்கு வேலைக்குப் போனாள். பாவில் இழை அறுந்தால் இரண்டு கையையும் கக்கத்துக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பாள். துணி ஓட்டை ஓட்டையாய் விழும். "கை வெளங்காமப் போச்சா ஒனக்கு?" என்று தறிக்காரர் கத்துவார். ஓட்டையை அவள் அவ்வளவு ஆசையாய்ப் பார்ப்பாள்.

எதிர்வீட்டில் பாவாயி அந்தத் துண்டை அவிழ்க்கவே விடவில்லை. யாராவது ஊட்டினால் உண்டாள். கோகிலாதான் ஊட்டினாள்.

எறும்புகள் மட்டும் சுவர் வெடிப்பிலேயே இருந்தன. சந்தில் எல்லோரையும் கடித்தன. பாலுக்கு அழுத பிள்ளையைக் கடித்தன, அவற்றின் கால் பட்ட இடமெல்லாம் தடிப்பு. கோகிலாவைக் கடிக்கவில்லை. கடிக்கட்டும் என்று அவள் வெடிப்பின் வாயிலேயே கையைக் கொண்டுபோய் வைத்தாள். வரிசை நின்றது. முன்னால் நின்றது மீசையை நீட்டி அவள் விரல் நுனியைத் தொட்டுப் பார்த்தது, திரும்பிப் பின்னால் இருந்ததிடம் சொன்னது, அது அதன் பின்னால் இருந்ததிடம் சொன்னது. பிறகு ஒவ்வொன்றாய் வந்து, தலை குனிந்து, வாயில் கொண்டுவந்திருந்த சர்க்கரைத் துணுக்கை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போயின.